குள்ளர் வீட்டில் கேட்ட பாடம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து திங்கட்கிழமைதோறும் ஒரு தாள் வருகிறது. அந்த வாரத்துச் செய்தியெல்லாம் அதில் இருக்கும். என்றைக்கு ஊசி போட வருகிறார்கள், என்றைக்கு முட்டை, ஓட்டப்பந்தயத்தில் யார் ஜெயித்தது. கடைசியில் கட்டம் கட்டி, பெற்றோர் கவனத்துக்கு என்று போட்டிருக்கும். பிள்ளை தினமும் இருபது நிமிடம் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும், வீட்டில் ஒருவர் கூடவே உட்கார்ந்து கேட்க வேண்டும், கேட்டவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இதையே போனிலும் அனுப்புகிறார்கள். டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்றால் அதே சேதி நாலு தரம் வந்து விழும்.

என் மகனும் மருமகளும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் அவர்கள் பெண் படிப்பதை நான்தான் கேட்கிறேன், நோட்டிலும் நான்தான் போடுகிறேன். கைநாட்டு இல்லை, கையெழுத்து. என் வயதுப் பெண்களில் இந்த மலையில் பெயர் எழுதத் தெரிந்தவர்களை எண்ணுவதற்கு ஒரு கை விரலே அதிகம். நான் இரண்டரை வகுப்பு படித்தவள். இதையும் நானேதான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிக்க இரண்டு நாள் ஆகிறது. ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

போன மீட்டிங்கில் டீச்சரம்மா சொன்னார், பிள்ளை படிப்பதை வீட்டில் உட்கார்ந்து கேட்கிற பழக்கம் நம் மலைக்குப் புதுசு, போகப் போகப் பழகிவிடும் என்று. நல்ல பெண்தான், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனால் புதுசு இல்லை. இதே சட்டத்தை இதே ஊரில் ஒருவர் போட்டார். அதில் எனக்கு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் வைத்தபோது எனக்கு எட்டு வயது. ஒரே அறை, புல் வேய்ந்த கூரை, ஒரே வாத்தியார். செங்கம் பக்கத்துக்காரர். திங்கட்கிழமை நடந்து ஏறி வருவார், சனிக்கிழமை நடந்து இறங்குவார். மத்தியானம் வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் பிள்ளைகளுக்கு ஆடு இருக்கிறது, காடு இருக்கிறது. மறுநாள் வருவதற்குள் படித்ததெல்லாம் மறந்துவிடுகிறோம் என்று அவருக்கு ஒரு குறை. ஆவணி மாதத்தில் ஒருநாள் வீட்டுப் பெரியவர்களைப் பலாமரத்தடியில் கூட்டிவைத்துச் சட்டம் போட்டார். அன்றன்றைய பாடத்தைத் தாயோ தகப்பனோ காதால் கேட்க வேண்டும். கேட்டதற்கு அடையாளமாக ஒரு புளியங்கொட்டையைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

கீழ்நாட்டு மனிதர், பாவம். இந்த மலையில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்? மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் மடி நிறைய அள்ளிக்கொண்டு போனோம். ஒருத்தன் ஐந்தாம் வகுப்பு வரைக்குமான கொட்டையை ஒரே நாளில் கட்டிவிட்டான். வாத்தியார் அந்தக் குவியலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டத்தை மாற்றினார். தை முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தாயோ தகப்பனோ பள்ளிக்கூடத்துக்கு வந்து, தன் பிள்ளை படித்ததில் ஒரு வரியாவது வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வகுப்பு கிடையாது.

மற்றவர்களுக்கு அது சிரிப்பு. எனக்கு அப்படி இல்லை. ஏனென்றால் அப்பா முதலிலேயே சொல்லியிருந்தார், ஒரு வருடம் நின்றுபோனால் அத்தோடு சரி, பெண்பிள்ளை ஆட்டோடு போகட்டும் என்று. எனக்கோ எழுத்து என்றால் பைத்தியம். சுள்ளியால் மண்ணில் ஒரு 'ம' போட்டுவிட்டால் கோழி அதை மிதிக்காமல் காவல் இருப்பேன்.

அப்பாவிடம் புத்தகத்தோடு போய் நின்றேன். அவர் கலப்பையைச் செதுக்கிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"ஆட்டுக்குப் படிச்சுக் காட்டு போ. அதுக்கும் ரெண்டு காது கீதில்ல" என்றார்.

அம்மா விரட்டவில்லை. சாமை புடைத்துக்கொண்டே இரண்டு வரி கேட்டாள். பக்கத்தில் அத்தை இருந்தாள். அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா, எங்களோடேயே இருந்தவள். வீட்டில் அவள் சொல்தான் நடக்கும். அவள் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்கம்மா படிச்சு கலெக்டராவப் போறா, எனக்கு இனிமே களி கிண்டறது யாரு என்று என்னிடம் கேட்டாள். அம்மாவின் முகம் இறுகிவிட்டது. தெரியாததைத் தெரிந்த மாதிரி தலையாட்ட எனக்கு வராது, வேறு யாரையாவது பார் என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் அம்மா கர்வக்காரி. என்னிடம் இருப்பது அவளிடமிருந்து வந்ததுதான்.

எங்கள் ஊருக்குக் கீழே, உன்னிப்புதர் மண்டிய ஒரு மேட்டில் குள்ளர் வீடுகள் இருக்கின்றன. மூன்று பக்கமும் பலகைக்கல், மேலே மூடியாக ஒரு பெரிய கல், முன்பக்கக் கல்லில் தலை அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. குள்ளர் எங்களுக்கு முன்னால் இந்த மலையில் இருந்தவர்கள். ஒரு முழ உயரம். முயலை ஏரில் பூட்டி உழுவார்களாம். ஒரு காலத்தில் வானத்திலிருந்து நெருப்பு இறங்கியபோது அந்தக் கல்வீட்டுக்குள் போனார்கள்; வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. வர வேண்டுமென்றால் யாராவது ஒருவர் உருவத்தை வாங்கிக்கொண்டுதான் வருவார்கள் என்பாள் அத்தை. உருவத்தை வாங்கலாம், நிழலை வாங்க முடியாது, நிழல் மட்டும் அவர்களுடைய அளவுக்கு ஒரு முழம்தான் விழும் என்றும் சொல்லியிருக்கிறாள். சாமை அறுத்ததும் ஊரே திரண்டு அங்கே பொங்கல் வைக்கும். மற்ற நாளில் பெரியவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

எங்கள் ஆடுகளை அம்மாதான் ஓட்டுவாள். மாதத்தில் சில நாள் அவளால் முடியாது; அப்போது அந்த வேலை எனக்கு. ஆடு உன்னிக் கொழுந்தைத் தேடி அந்த மேட்டுக்குத்தான் இழுக்கும். புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம் அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்து, அப்பா சொன்னபடி ஆட்டுக்குப் படித்துக் காட்டினேன். ஆடுகள் மேய்ந்துகொண்டே அப்பால் போய்விட்டன. எனக்கு அழுகையாக வந்தது. அப்போது எதிரே அந்த ஓட்டை தெரிந்தது. வீட்டில் ஒருவர் கேட்க வேண்டும் என்றுதானே வாத்தியார் சொன்னார், இதுவும் வீடுதானே என்று தோன்றியது. கல்லுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தேன்.

மழை பெய்தது என்று படித்தேன்.

மழை பெய்தது என்று உள்ளேயிருந்து வந்தது.

எதிரொலி என்று நினைக்க முடியவில்லை. எதிரொலி உடனே வரும். நாம் கத்துகிற மாதிரியே கத்தும். இது கொஞ்சம் யோசித்து, பானைக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி, மெதுவாக வந்தது. பயந்து புத்தகத்தை மார்போடு இறுக்கிக்கொண்டேன். ஆனாலும் நான் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று இத்தனை வயதுக்குப் பிறகும் யோசிக்கிறேன். ஓடிவிட்டால் கேட்கிறவர்கள் யாருமே இல்லாமல் போய்விடும் என்ற பயம் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். அடுத்த வரியைப் படித்தேன். ஆறு நிறைந்தது. உள்ளே, ஆறு நிறைந்தது. மாடு கரையில் நின்றது. அதுவும் வந்தது. படகு வந்தது என்று முடித்தேன். அது மட்டும் வரவில்லை. காற்றுகூட நின்றுவிட்டது. ஒரு ஆடு மேய்வதை விட்டுவிட்டு ஓட்டையையே பார்த்தபடி காதை விறைத்துக்கொண்டு நின்றது. பிறகு உள்ளேயிருந்து கேட்டது.

"படகுன்னா இன்னா?"

எனக்கும் தெரியாது. இந்த மலையில் ஏது படகு? தெரியாது என்றேன். உள்ளே யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும். மடியில் ஒரு சீத்தாப்பழம் கொண்டுபோய் ஓட்டையின் விளிம்பில் வைத்துவிட்டு, விலகிப் போன ஆட்டை மடக்கப் போனேன். திரும்பி வந்தால் பழம் இல்லை. கருங்கொட்டைகள் மட்டும் சதையில்லாமல் சுத்தமாக, விளிம்பில் வரிசையாக இருந்தன. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது, கூடவே ஒரு பெருமையும் வந்தது. அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, மலைக்கே மூத்தவர்கள் கேட்கிறார்கள்.

வாத்தியாரிடம் படகு என்றால் என்ன என்று கேட்டேன். பலகையில் சாக்கட்டியால் வளைவாக ஒரு கோடு போட்டுக் காட்டினார். அதைச் சொல்ல ஓடினால் உள்ளே சத்தமில்லை. எத்தனை தரம் படித்தும் கல் கல்லாகவே இருந்தது. ஒரு நாள் இல்லை, இருபது நாளுக்கு மேல். ஐப்பசியில் மறுபடி ஆடு என் கைக்கு வந்தபோது மறுபடி குரலும் வந்தது. படகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி மாதிரி. தொட்டிக்கு உள்ளே தண்ணீர், படகுக்கு வெளியே தண்ணீர். உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. குள்ளர் சிரிப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு நடந்ததில் அதற்குத்தான் மிகவும் பயந்தேன்.

இப்படியே மாதத்தில் சில நாள். தையும் வந்துவிட்டது. ஒவ்வொரு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு தகப்பன் ஒரு வரி சொல்லச் சொன்னதற்கு மகன் மேல் நாலு புகார் சொன்னார். வாத்தியார் அதையே வரவு வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. கடைசி நாள் அன்று காலையில் அப்பாவிடம் கேட்டேன், வேலை இருக்கிறது என்றார். அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. கேட்கிற மாதிரி அவள் முகம் இல்லை.

உச்சி வெயிலில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், அம்மா வாசலில் நின்றாள். விறகுக்கட்டை வெளியே இறக்கி வைத்திருந்தாள். உள்ளே வரவில்லை. வாத்தியார் சொல்லும்மா என்றதும் கையைக் கட்டிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். மழை பெய்தது. ஆறு நிறைந்தது. ஒரு வரி இல்லை, பாடம் முழுக்க. அது முடிந்ததும் அடுத்த பாடம். வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நீ படகு பார்த்திருக்கியாம்மா என்று ஆசையாகக் கேட்டார்.

"பாத்ததில்லீங்க. மாட்டுத் தொட்டி மாதிரிங்க அது. தொட்டிக்கு உள்ள தண்ணி, படகுக்கு வெளிய தண்ணி. அவ்ளோதாங்க."

அந்தத் தொட்டிப் பேச்சை வாத்தியார் எங்களுக்குச் சொன்னதில்லை. நான் வீட்டில் சொன்னதில்லை. அந்த ஓட்டைக்குள் மட்டும்தான் சொன்னேன். அம்மாவின் காலடியைப் பார்த்தேன். வெயில் நட்ட நடுவில் இருந்தது. அவள் நிழல் காலைச் சுற்றி ஒரு முழம்கூட இல்லாமல் சுருண்டு கிடந்தது.

உச்சி வேளையில் எல்லோர் நிழலும் அப்படித்தான் கிடக்கும். வாத்தியார் வெளியே வந்து நின்றிருந்தால் அவர் நிழலும் அவ்வளவுதான் இருந்திருக்கும். நான் மற்றவர்களைப் பார்க்கவில்லை. வாத்தியார் என் பெயருக்கு நேரே கோடு போட்டு, உனக்கு அடுத்த வகுப்பு என்றார். எனக்கு அது காதில் ஏறவே இல்லை. விறகைத் தலையில் தூக்கிக்கொண்டு என் அம்மா மாதிரியே நடந்து போகிற அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பனி மூடிக்கொண்டது, யாருக்கும் நிழல் இல்லை. அவள் போட்ட களியை நான் சாப்பிடவில்லை. வயிற்று வலி என்றேன். அவள் நெற்றியைத் தொட வந்தபோது சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இரண்டு மூன்று நாள் அவள் என்ன செய்கிறாள் என்று கூடவே இருந்து கவனித்தேன். எல்லாம் அம்மாவைப் போலத்தான் இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. என் பாடத்தைத் தின்று பழகிய குள்ளர் அதை வைத்தே வெளியே வர வழி கண்டுபிடித்துவிட்டார்கள், இனிமேல் அங்கே படித்தால் அம்மாவை முழுக்க எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குள் முடிவு செய்தேன். அதன் பிறகு ஆட்டை வேறு பக்கம் ஓட்டினேன். பாடத்தை வாய்க்குள்ளேயே படித்தேன்.

ஐந்து வருடம் கழித்து, பதின்மூன்று வயதில் நான் பெரியவளானேன். அதற்குள் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வாத்தியாருக்கு மாற்றல் வந்து போனவர் போனதுதான், வேறொருவர் ஏறி வரவில்லை. அப்போதெல்லாம் எங்கள் ஊரில் தூரமான பெண்கள் வீட்டில் இருக்கக் கூடாது. ஊருக்குக் கீழே ஒரு குடிசை உண்டு, மாதாமாதம் அந்த நாட்களில் அங்கே போய்த் தங்க வேண்டும். யாரையும் தொடக் கூடாது, பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. இப்போது அந்தக் குடிசை இல்லை, இடிந்து மண்ணாகிவிட்டது. சின்ன வயதில் அதை நான் எட்டத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை. முதல்முறை அங்கே கொண்டுபோய் விட்டபோதுதான் கவனித்தேன், பின்னால் இருந்த உன்னிப்புதரை விலக்கினால் பத்தே எட்டில் குள்ளர் வீட்டின் முதுகு இருந்தது. ஒரு பலகைக்கல் சாய்ந்து, ஆள் நுழைய வழி இருந்தது.

நுழைந்தேன். உள்ளே ஒரு தட்டைக் கல்லைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள், உட்காருவதற்கு வாகாக. அதில் உட்கார்ந்து ஓட்டை வழியாகப் பார்த்தால் வானம் தெரியாது, மரம் தெரியாது. நான் உட்கார்ந்து படித்த பாறை மட்டும் தெரியும்.

அந்த நாட்களில் இருக்கிற பெண் பொங்கல் வைக்கிற இடத்துக்குள் நுழைந்தது தெரிந்தால் ஊர்க்கவுண்டர் கூட்டம் போடுவார். குடும்பத்தையே ஒதுக்கி வைப்பார்கள். அம்மா இதெல்லாம் தெரிந்துதான் நுழைந்திருக்கிறாள். நான் அவளிடம் கேட்கவில்லை. அவளும் சாகும்வரை சொல்லவில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் எனக்கு இன்னும் கணக்கில் வரவில்லை. கார்த்திகையில் ஒருநாள் ஆடில்லாமல் சும்மா போய்ப் படித்தேன். அம்மா வீட்டில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். உலக்கைச் சத்தம் மேடு வரைக்கும் கேட்டது. அன்றைக்கும் உள்ளேயிருந்து பதில் வந்தது. குடிசையில் அன்று வேறொருத்தி இருந்திருப்பாள். அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த எட்டு வயதில், நான் அங்கே போவதை நிறுத்தி இரண்டு மாதம் இருக்கும். பங்குனி. நாலைந்து நாள் வீட்டில் இல்லாமல் இருந்துவிட்டு அம்மா அன்று காலையில்தான் தலைக்குக் குளித்து வந்திருந்தாள். சாயங்காலம் என்னை முன்னால் உட்கார வைத்துத் தலைக்குச் சிக்கெடுத்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. சிக்கெடுத்துக்கொண்டே கேட்டாள்.

"மேட்டுப் பக்கம் ஆடு ஓட்டறதே இல்லியா இப்பல்லாம்?"

"அங்க ஒண்ணு கீதும்மா. என் பாடத்தையெல்லாம் தின்னுடுது" என்றேன்.

தலையில் இருந்த கை நின்றது. பிறகு மறுபடி சிக்கெடுக்க ஆரம்பித்தது.

"அப்பிடியா. அப்ப போவாத" என்றாள்.

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. குள்ளரிடமிருந்து அம்மாவை நான்தான் மீட்டுக்கொண்டு வந்தேன் என்ற நினைப்போடு அவள் மடியில் சாய்ந்தேன். அப்படியே தூங்கியும் போய்விட்டேன்.